ஜோடிகளுக்கு மட்டும்

செங்கம்மாள் செத்த மூன்றாம் நாள் காலையில் தேசப்பன் பால் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நைட் கிளப்புக்குப் புறப்பட்டான்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். ஆனால் அவன் வேறு எங்கே போவான்? பெண்டாட்டி அங்கேதான் கிடந்தாள். திருவிடந்தைக்குத் தெற்கே, மகாபலிபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குள் அவர்கள் குப்பத்துச் சனங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து செத்தவர்களைப் புதைத்துவந்த மணல்மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டையும் சேர்த்து வளைத்துத் தகரம் அடித்து, கடலோர உல்லாச அபிவிருத்திக் கழகம் என்று ஒரு ஸ்தாபனம், வெள்ளைக்காரர்கள் வந்து ஆடிவிட்டுப் போவதற்காக நைட் கிளப் நடத்திக்கொண்டிருந்தது. கழகத்துக்குத் தலைமை ஆபீஸ் செங்கல்பட்டில், ஏரியைப் பார்த்த மாடியில். எமர்ஜென்சி வருஷம் என்பதால் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. செங்கம்மாளைத் தூக்கிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை, வடக்குப் பக்கத் தகரத்தில் ஒரு பாடை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. புதன்கிழமை அதை அடைத்துவிட்டார்கள். வியாழக்கிழமை பால்.

கட்டுமரத்தில் சுற்றிக்கொண்டு போய்விடலாமே என்று பங்காளி ஒருவன் யோசனை சொல்லிப் பார்த்தான். சாவு வீட்டுக்காரன் கருமாதி முடிகிறவரை கடலில் இறங்குவதில்லை என்று குப்பத்தில் ஒரு கட்டு உண்டு. ஆகவே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். பங்காளிகளும் கூட வருவதாகத்தான் இருந்தார்கள். முந்தின நாள் அடைப்பைப் பற்றிக் கேட்கப் போன இரண்டு பேருடைய பெயரை வாசலில் போலீசுக்கென்று தனியாக எழுதி வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அந்த வருஷத்தில் பெயர் எழுதிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தபடியால், ஆளுக்கொரு அவசர வேலை வந்துவிட்டது.

தேசப்பன் இதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. எதற்குமே வருத்தப்படவில்லை. அதுதான் குப்பத்துக்குப் பெரிய கவலையாக இருந்தது. மூன்று நாளாக அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவனுடைய அக்கா ஆதியம்மாள், இப்படி அடக்கினால் நெஞ்சு வெடித்துப் போகும், அழுதுவிடுடா என்று முதுகில் ஓங்கி இரண்டு போட்டாள். முதுகு வலித்தது. அவ்வளவுதான். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்குக் கால் மரத்துப் போகிற மாதிரி அவன் ஆளே மரத்துப் போயிருந்தான்.

ஒன்று மட்டும் மரக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் செங்கம்மாள் ஒரு மொடக்குத் தண்ணீர் கேட்டாள். ஆபரேஷன் முடிகிறவரை தண்ணீர் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நியாயமான பேச்சு, யாரையும் குறை சொல்வதற்கில்லை. தேசப்பன் சொன்னதைக் கேட்கிறவன். போய்விட்டு வா, வந்ததும் தருகிறேன் என்றான். அவள் வரவில்லை. மூன்றாம் நாள் உச்சிக்குள் பால் ஊற்றாவிட்டால் செத்தவர்கள் தாகத்தோடு கிடப்பார்கள் என்று குப்பத்தில் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு. தேசப்பனுக்கு அப்படி இல்லை.

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஏழு. வாசல் என்றால் லேசுப்பட்ட வாசல் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குத் தேக்குக் கதவு, பளபளவென்று பித்தளைக் கைப்பிடி, மணல்மேலேயே விரித்த சிவப்புக் கம்பளம். அதற்கு முன்னால் இரும்புக் கழிகளை நட்டு, அங்குமிங்கும் மடக்கி மடக்கிப் பட்டுக் கயிறு கட்டி வரிசைக்கு வழி விட்டிருந்தார்கள். டூட்டியில் ஏழு பேர். அவர்களில் மூன்று பேர் முக்கியம். வாசல் கண்காணிப்பாளர் ஜானகிராமன், தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர், கழுத்துப் பட்டை கட்டியிருந்தார். ஏடு எழுதுகிற தனக்கோடி செய்யூர்ப் பக்கத்துக்காரன். ஆளைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே வேலைக்கு எடுக்கப்பட்ட அப்துல் சுபஹான், சதுரங்கப்பட்டினத்து மரக்கடையில் தூலம் தூக்கிக்கொண்டிருந்தவன். கதவு அகலத்துக்கு மார்பு. மற்ற நான்கு பேரில் ஒருவர் கம்பளம் உதறுவதற்கு, ஒருவர் கயிறு மாட்டுவதற்கு, ஒருவர் கயிறு கழற்றுவதற்கு, இன்னொருவர் விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக. விடுப்பில் யாரும் போகாததால் அவர் சும்மா நின்றார்.

நைட் கிளப்புக்குக் காலையில் என்ன டூட்டி என்று கேட்டால், பயிற்சி. எட்டு மாதமாகப் பயிற்சிதான் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் மகாபலிபுரம் வரை வந்து, பாறைகளைப் பார்த்துவிட்டு, கடலில் முங்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மதுவிலக்கும் மறுபடி வந்துவிட்டிருந்தது. ரோஸ் மில்க் குடித்துவிட்டு ஆடுவதற்காக யாரும் இவ்வளவு தூரம் வருவதாகத் தெரியவில்லை. ஆகையால் அந்த ஏழு பேரும் பழகிப் பார்க்க ஓர் ஆள் கிடைக்காமல் ஏங்கிப்போயிருந்தார்கள். சொம்பும் கையுமாக ஒருத்தன் வருவதைக் கண்டதும் எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்.

தேசப்பன் கயிற்றைத் தாண்டி நேரே கதவண்டை போனான். விசில் ஊதினார்கள். வரிசையில் வரச் சொன்னார்கள். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். ரோடு வரைக்கும் ஈ காக்காய் இல்லை. யாருமே இல்லையே என்றான். யாரும் இல்லையென்றால் வரிசை இல்லை என்று ஆகிவிடுமா என்று ஜானகிராமன் கேட்டார். தேசப்பன் திரும்பிப் போனான். கயிறு வழியாகப் பதினொரு வளைவும் சுற்றி வந்தான். ஏழாவது வளைவில், முறை வருகிறவரை நிற்கச் சொன்னார்கள். நின்றான். கொஞ்ச நேரம் கழித்து "அடுத்தவர்" என்று குரல் கேட்டது. அடுத்தவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் அது தான்தான் என்று தெரிந்தது.

கதவோரத்தில் பெரிய பலகை ஒன்று இருந்தது. வாசல் ஊழியர்களிடம் பொதுமக்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை, மொத்தம் இருபத்தோரு விதி. தேசப்பனுக்குப் படிக்கத் தெரியாது என்றதும் தனக்கோடி முகம் மலர்ந்துபோய் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். வாசல் ஊழியரைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூடாது. அவர் மார்பில் குத்தியிருக்கிற பித்தளை வில்லையைப் பார்த்துப் பேச வேண்டும். நான் யார் தெரியுமா என்று கேட்கக் கூடாது. முதலாளி எனக்கு வேண்டியவர் என்று சொல்லக் கூடாது. கைகுலுக்கும்போது உள்ளங்கையில் எதையும் மடித்து வைத்திருக்கக் கூடாது. வாசலில் வேடிக்கையாகப் பேசக் கூடாது. வாசல் ஊழியர் வேடிக்கையாகப் பேசினால் அளவோடு சிரிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசலில் விசாரிக்கக் கூடாது. ஒவ்வொரு விதி முடிந்ததும், கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாக அதற்கென்று இருந்த தனி நோட்டில் பெருவிரல் ரேகை. இருபத்தொன்று முடிகிறபோது அவன் விரல் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது, வெயிலும் ஏறிவிட்டது.

"அண்ணாத்த, உச்சிக்குள்ளாற பால ஊத்தணும். கொஞ்சம் வழி வுடு" என்றான் அப்துல் சுபஹானைப் பார்த்து.

எல்லோரும் திடுக்கிட்டுவிட்டார்கள். ஒன்பதாவது விதியை மறுபடி வாசிக்கச் சொன்னார் ஜானகிராமன். வாசல் ஊழியரை உறவுமுறை சொல்லி அழைப்பது சிபாரிசுக்குச் சமம். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எதுவும் ஆகாது. சரி என்று தேசப்பன், "பாய், கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான். அதுவும் அண்ணன்தான் என்று ஜானகிராமன் விளக்கினார். பிறகு எப்படித்தான் கூப்பிடுவது என்று கேட்டதற்கு, கூப்பிடவே கூடாது, அவராகப் பார்க்கிறவரை காத்திருக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று சொன்னார். அப்துல் சுபஹான் மூன்று அடி தள்ளித்தான் நின்றான். பார்த்துக்கொண்டும்தான் இருந்தான். ஆனால் விதிப்படி அவன் பார்வை ரோட்டின்மேல் இருக்க வேண்டும். ஆகவே தேசப்பன் தலைக்கு மேலே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உடுப்பு விஷயம் அதற்கப்புறம் வந்தது. காலர் வைத்த சட்டையும் பூட்சும் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. தேசப்பன் இடுப்பில் ஈர வேட்டி, தோளில் துண்டு, காலில் ஒன்றும் இல்லை. இதற்கு வழி இருந்தது. எதிர்பாராமல் வந்துவிடுகிற கனவான்களுக்கென்று கழகம் ஒரு கோட்டும் ஒரு ஜோடி பூட்சும் பெட்டியில் வைத்திருந்தது. எட்டு மாதமாகத் திறக்காத பெட்டி. பாச்சை உருண்டை நாற்றம் அடித்தது. வெற்று உடம்பின்மேல் கோட்டை மாட்டினார்கள். ஈர வேட்டிக்குக் கீழே பூட்ஸ். இடது பூட்ஸ் மட்டும் பெரிசு; அவன் நடக்கிறபோது ஒரு அடி பின்னாலேயே வந்தது. மூன்றாம் நாள் துக்கக்காரனுக்கு இப்படி வேஷம் கட்டினால் குப்பத்தில் என்ன சொல்வார்கள் என்று வேறு நாளாக இருந்தால் நினைத்திருப்பான். அன்றைக்குக் கை நீட்டு என்றால் நீட்டினான், கால் தூக்கு என்றால் தூக்கினான்.

சொம்பை என்ன செய்வது என்பதில்தான் பெரிய சிக்கல். வெளியிலிருந்து பானம் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதிலும் மதுவிலக்குக் காலம், மூடியிருக்கிற சொம்பு. தனக்கோடி மோந்து பார்த்தான். கம்பளக்காரர் மோந்து பார்த்தார். ஜானகிராமன் இரண்டு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடி யோசித்து, பசும்பால்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் பானம் பானம்தான். இங்கேயே குடித்துவிட்டு வயிற்றோடு உள்ளே போவதற்கு ஆட்சேபணை இல்லை என்று சலுகையும் காட்டினார்.

"எனக்கு இல்ல சார். எம் பொண்டாட்டிக்கு."

"அப்போ ஜோடியாத்தான் வந்திருக்கியா?" ஜானகிராமன் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. ஏனென்றால் அடுத்து அவர் சொல்லவிருந்த விதி அதுதான். தனியாக வருகிற ஆண்பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஜோடிகளுக்கு மட்டும். கதவின் நெற்றியிலேயே தங்க எழுத்தில் எழுதியிருந்தது. "எங்கே அந்த அம்மா?"

"உள்ள கீறா சார்."

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடுப்பில் போகிறவருக்குப் பதிலாக இருந்தவர்கூடப் பார்த்தார். எட்டு மாதமாக ஒரு எறும்பைக்கூட விடாத வாசல். தனக்கோடி ஏட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். கோடு போட்ட வெள்ளைக் காகிதம் பக்கம் பக்கமாகப் போயிற்று. எவன் விட்டது என்று ஜானகிராமன் குரல் நடுங்கக் கேட்டார். எப்போது போனாள், எந்தப் பக்கமாகப் போனாள் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வடக்குப் பக்கமாக, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம் என்று தேசப்பன் உள்ளது உள்ளபடி சொன்னான்.

"தூக்கிண்டு போற நிலைமையிலயா இருந்தா? குடிச்சிருந்தாளா?"

"ஒரு மொடக்குத் தண்ணிகூடக் குடிக்கல சார்" என்றான் தேசப்பன்.

அதைச் சொன்ன குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. அதற்கு மேல் விளக்கத் தெரியாமல் இடுப்பு மடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினான். தனக்கோடி வாங்கி வாசித்தான். பெயர் செங்கம்மாள், வயது நாற்பத்தொன்று, கணவர் பெயர் தேசப்பன். பிறகு தேதி, நேரம். வாசித்து முடித்ததும் தனக்கோடி பேனாவை மூடி வைத்தான். அப்துல் சுபஹான் முதல் தடவையாக ரோட்டை விட்டுவிட்டு தேசப்பனைப் பார்த்தான்.

ஒரு மனிதனைப் போல நடந்துகொள்ள ஜானகிராமனுக்கு அங்கே ஒரு சந்தர்ப்பம் இருந்தது. அவரும் முயன்றார், தொண்டையைச் செருமினார், தேசப்பன் தோளைத் தொடுவதற்குக் கையைக்கூடக் கொண்டுபோனார். அதற்குள் அவருக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. விதிப் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் தெளிந்தது. ஜோடி என்று போட்டிருக்கிறதே தவிர, ஜோடியில் இரண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. கணவன் மனைவி என்பதற்குக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட அத்தாட்சி இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அந்தச் சீட்டைத் தவிர வேறு எந்தக் காகிதமும் தேசப்பனிடம் இல்லை என்பதும் உண்மைதான்.

மற்றவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி ஜானகிராமன் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார்.

"ஒரு ஸ்தாபனத்துக்குக் கௌரவம் உள்ளே என்ன இருக்குங்கிறதிலே இல்லே. யாரை உள்ளே விடலேங்கிறதிலே இருக்கு. எட்டு மாசமா நாம ஒருத்தரைக்கூட உள்ளே விடலே. அதனாலே உள்ளே போனவா யாரும் குறை சொன்னதில்லே. செங்கல்பட்டு ஆபீஸிலே நமக்கு இருக்கிற பேரே அதுதான். இன்னிக்கு இவனை விடறோம்னா, இவன் அழறான்னு விடலே. இவன் அழவும் இல்லே. விதியிலே இடம் இருக்கு, விடறோம். நாளைக்கு நானே செத்தாலும் இந்த வாசல்லே வரிசையிலேதான் வருவேன்."

கயிறு கழற்றுகிறவர் கைதட்டினார். கயிறு மாட்டுகிறவரும் தட்டினார்.

தனக்கோடி ஏட்டில் முதல் பக்கத்தில் முதல் வரி எழுதினான். விருந்தினர் தேசப்பன், ஜோடி செங்கம்மாள், உள்ளே சென்றவர் இரண்டு பேர். செங்கம்மாள் செவ்வாய்க்கிழமையே போய்விட்டதற்கு முன்தேதியிட்ட அனுமதி என்று ஒரு குறிப்பு. பால், ஜோடிக்கு மருத்துவக் காரணத்துக்காக என்று இன்னொரு குறிப்பு. கடைசியாக முத்திரை. உள்ளே போகிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஊதா மையில் சங்கு முத்திரை குத்தியாக வேண்டும். தேசப்பன் கையில் குத்தினார்கள். ஜோடிக்கு எப்படிக் குத்துவது என்று கேள்வி வந்தது. வாசலை விட்டு உள்ளே போக வாசல் ஊழியர்களுக்கு அனுமதி இல்லை. முகம் எப்போதும் வெளிப்பக்கம் என்பது பதினேழாவது விதி. ஆனாலும் முத்திரை இல்லாமல் ஒருத்தி உள்ளே கிடப்பது அதைவிடப் பெரிய தப்பு. யோசித்து யோசித்து, முத்திரையைக் கொடுத்து அப்துல் சுபஹானைக் கூட அனுப்பினார்கள். அதற்குள் நிழல் காலடிக்கு வந்துவிட்டது.

கதவு திறந்தது. எண்ணெய் போட்டு வைத்திருந்த கீல், முனகல்கூட இல்லை.

உள்ளே ஒன்றும் இல்லை. தேசப்பனுக்கு அது தெரியும். அவன் செவ்வாய்க்கிழமைதான் வந்துவிட்டுப் போயிருக்கிறான். மணல், சவுக்கு, அங்கங்கே அடுப்புக்கல் மாதிரி தலைமாட்டுக் கல் வைத்த மேடுகள், அப்பால் கடல். நடுவில் நான்கு சிமெண்டுத் தூண்கள் அரை ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றுபோயிருந்தன. கழகத்துக்கு வாசலுக்கான அனுமதி முதலில் வந்துவிட்டது. ஹாலுக்கான சிமெண்டுப் பர்மிட் இன்னும் வரவில்லை. ஆனால் அப்துல் சுபஹானுக்கு இதெல்லாம் தெரியாது. எட்டு மாதமாக அவன் முதுகுதான் உள்பக்கம் பார்த்திருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்து, நின்று, சுற்றிலும் பார்த்தான்.

"ஆடுற ஹாலு எங்க கீது?" என்று கேட்டான்.

தேசப்பன் தூண்களைக் காட்டினான். அந்த நிழலில் இரண்டு வெள்ளாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவை எந்த வழியாக வந்தன என்று அப்துல் சுபஹான் கேட்கவில்லை.

செங்கம்மாள் மேடு கிழக்கோரம், ஈரம் காயாத மணல். தேசப்பன் பூட்சைக் கழற்றி எட்ட வைத்தான். கோட்டையும் கழற்றினான். சொம்பு மூடியைத் திறந்தபோதே புளித்த வாடை வந்தது. வரிசையில் ஏழாவது வளைவு, இருபத்தோரு ரேகை, இரண்டு பேர் மூக்கு, ஒருவர் நாக்கு, உச்சி வெயில் எல்லாமாகச் சேர்ந்து பாலைத் திரித்துவிட்டிருந்தன. வேறு பால் கொண்டுவர வேண்டுமென்றால் மறுபடி ரோடு, மறுபடி கயிறு. அவன் அதற்குமேல் யோசிக்கவில்லை. தலைமாட்டில் ஊற்றினான். தண்ணீர் மணலில் இறங்கிற்று. கட்டி கட்டியாகத் திப்பி மேலே நின்றது.

"திரிஞ்சி பூட்சி" என்று அவளிடம் சொன்னான். "லேட் ஆயிட்ச்சி. கோச்சிக்காத."

அப்துல் சுபஹான் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். குத்தாமல் திரும்பினால் ஜானகிராமன் மறுபடி அனுப்புவார். தேசப்பன் நிலைமை இன்னும் பேஜாராகும். மெல்ல மண்டிபோட்டு, பால் நனைத்த ஈர மணலில், கால்மாட்டில் இல்லாமல் கையிருக்கும் இடமாகப் பார்த்து, முத்திரையை வைத்து அழுத்தி எடுத்தான். சங்கு அச்சாகப் பதிந்திருந்தது.

"வா அண்ணாத்த, போலாம்" என்றான். ஒன்பதாவது விதி ஊழியர்களுக்கும் பொருந்தும். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

வாசலுக்கு வந்தார்கள். கோட்டையும் பூட்சையும் திருப்பிக் கொடுத்தான் தேசப்பன். வெளியே காலை வைக்கப் போனவனைத் தனக்கோடி நிறுத்தினான். வெளியே போகிறவர்களுக்கு ஏட்டில் தனிப் பத்தி இருந்தது. உள்ளே சென்றவர் இரண்டு பேர். வெளியே வருவது ஒருவர். கணக்கு உதைக்கிறது. தனக்கோடி மனசில்லாமல்தான் சொன்னான்; ஆனால் அவன் எழுதிய முதல் வரி அது, அதில் அடித்தல் திருத்தல் வர விரும்பவில்லை.

ஜானகிராமன் இதற்கும் தயாராக இருந்தார். ஜோடியாக வந்துவிட்டு சண்டை போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் திரும்பிப் போகிற சந்தர்ப்பத்துக்கென்று கழகம் ஒரு பாரம் அச்சடித்து வைத்திருந்தது. அதை எடுத்து மேஜைமேல் விரித்து, மசிப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். காலையிலிருந்து பழகியவன் என்பதால் தேசப்பன் பெருவிரலை மசியில் ஒற்றிக்கொண்டு, எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்தான். அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே, என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசித்துக் காட்டு, அதுதான் முறை என்றார் ஜானகிராமன்.

தனக்கோடி வாசித்தான். "என்னுடன் வந்த ஜோடியை, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின்பேரில் உள்ளே தனியே விட்டுவிட்டு, நான் மட்டும் போகிறேன்."

தேசப்பனின் விரல் காகிதத்துக்கு மேலே நின்றது.

ஆஸ்பத்திரியில் ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தான். தண்ணீர் கூடாது என்றார்கள், கொடுக்கவில்லை. பொணத்தை எடுத்துப் போ என்றார்கள், எடுத்துப் போனான். வரிசையில் நில் என்றார்கள், நின்றான். இத்தனை நாளும் அவனிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. விட்டுவிட்டு வந்தாயா என்று குப்பத்தில் யாரும் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை, அவனே அவனைக் கேட்டுக்கொள்ளவில்லை. கழுத்துப் பட்டை கட்டிய ஒருவர் அச்சடித்துக் கேட்கிறார்.

"நான் வுட்டுட்டுப் போவல சார்" என்றான்.

ஒரு சம்பிரதாயம்தான், வெறும் சம்பிரதாயம், சட்டென்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று ஜானகிராமன் இதமாகத்தான் சொன்னார். தேசப்பன் விரலைப் பார்த்தான். மசியை வேட்டியில் துடைத்தான். துடைக்கத் துடைக்க அது கையெல்லாம் பரவிற்று.

"இதுக்கு மட்டும் வெக்க மாட்டேன். இன்னா வேணா பண்ணிக்க."

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே நடந்தான். மேட்டண்டை போய் உட்கார்ந்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து வராதது அப்போது வந்தது. வாசல் வரைக்கும் கேட்டது. உள்ளே சத்தம் போடுவது பற்றி விதி என்ன சொல்கிறது என்று ஜானகிராமன் தேடினார். நைட் கிளப்புக்குள் சத்தம் போடக் கூடாது என்று விதி எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். அவருக்கு ஐந்தே காலுக்கு பஸ்.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு அப்துல் சுபஹான் வடக்குப் பக்கம் போனான். புதன்கிழமை அடித்த தகரத்தில் ஆணிகள் புதுசாகப் பளபளத்தன. தூலம் தூக்கிய கை. நான்கு ஆணியும் நான்கு இழுப்பில் வந்துவிட்டன. ஆணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலுக்குத் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றான். குப்பத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு தம்பியைத் தேடிக்கொண்டு வந்த ஆதியம்மாள் அந்த வழியாக நுழைந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு குப்பத்துச் சனங்கள் அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள். வாசலில் நிற்பவர்களின் முகம் வெளிப்பக்கம் என்பதால் அவர்களுக்கு அது தெரியாது.

மாதக் கடைசியில் செங்கல்பட்டு ஆபீஸுக்கு அறிக்கை போயிற்று. கிளப் திறந்த நாள் முதல் வந்த விருந்தினர் ஒரு ஜோடி, வெளியேறியவர் யாரும் இல்லை என்று ஜானகிராமன் எழுதியிருந்தார். ஒரு தடவை வந்தவர்கள் போகவே மனசில்லாமல் தங்கிவிடும் அளவுக்கு கிளப் அமைந்திருப்பது குறித்துக் கழகம் மகிழ்ச்சி தெரிவித்து, வாசலுக்கு மேலும் இரண்டு பேரை நியமித்தது. ஏட்டில் அந்த முதல் வரியை யாரும் திருத்தவில்லை. அதன்படி தேசப்பனும் செங்கம்மாளும் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள்.